வாத நெறியும் ஆய்வு நெறியும்: சிங்கப்பூர் காட்டும் சான்று

பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்டானல்லன். தானே துருவி ஆராய்ந்தானுமல்லன். இன்றைய உலக நீதிமுறைகள் பலவும் இவ்விரண்டில் ஒன்றைத் தலைமையாகக் கொண்டவை. ஆங்கிலேயர் நெறியில் இரு தரப்பாரும் சான்று காட்டி வாதிடுவர். நீதிபதி நடுநின்று தீர்ப்பளிப்பார். இது வாத நெறி. பிரான்சு முதலிய நாடுகளிலோ, கடுங்குற்றமாயின் உண்மையைத் தேடும் பொறுப்பையும் நீதிபதியே ஏற்பார். இது ஆய்வு நெறி.

சிங்கப்பூருக்கு 1826ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தோடு வந்தது வாத நெறி. எனினும், பெருங்கலவரம் நேர்ந்தபோதெல்லாம் அது மட்டும் போதுமென்று ஆட்சியாளர் கருதவில்லை. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் வழக்கையொட்டி எழுந்த கலவரத்தில் 18 பேர் மாண்டனர். அதனை ஆராய அமைத்த குழுவின் தலைவர் சர் லயனல் லீச். இவர் 1937 முதல் 1947 வரை சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக வீற்றிருந்தவர் என்பதை நம்மவர் பலர் அறியார்.

அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின், 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் மீண்டும் கலவரம் மூண்டது. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் கூடுமிடத்தில், தொழிலாளரை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்தின் அடியிற் சிக்கித் தமிழகத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். கூட்டம் கொதித்தெழுந்தது. ஆம்புலன்சும் காவல் ஊர்தியும் தீக்கிரையாயின.

25 பேர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அங்கு நீதிமன்றத்தின் வினா ஒன்றே: இவர் இக்குற்றத்தைச் செய்தாரா? முதலில் தண்டனை பெற்றவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 15 வாரச் சிறையோடு அவர் வழக்கு முடிந்தது. ஒப்புக்கொண்டபின் வாதத்திற்கு இடமேது? வாதமில்லையேல், ஊர் முழுதும் கேட்கும் “ஏன்” என்ற வினாவை எழுப்ப நீதிமன்றத்தில் ஆளில்லை. 57 பேரோ வழக்கின்றியே நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர்.

அந்த வினாவிற்கு விடை காண, 2007ஆம் ஆண்டு விசாரணைச் சட்டத்தின்கீழ் நால்வர் குழு அமைந்தது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் அதன் தலைவர். இக்குழுவை ஆய்வு நெறியின் நெருங்கிய உறவென்னலாம். 2014 பிப்ரவரி 19 முதல் அது 93 சாட்சிகளைக் கேட்டது. தலைவர் வாய்மூடி நடுநிற்கவில்லை. காவலர் விரைந்து செயற்படாதது ஏன் என்று உயரதிகாரிகளையே துருவித் துருவி வினவினார். பேருந்தின் அடியிற் கிடந்தவரை விடுத்து, ஓட்டுநரையும் நேரக் கணக்கரையும் காப்பதிலேயே மீட்போர் முனைந்தனர் என்று கூட்டம் தவறாக எண்ணிச் சினந்ததைக் குழு சுட்டியது. குற்ற வழக்கு எதுவும் இதனை வெளிக்கொணரக் கடமைப்பட்டதன்று.

ஆயினும் ஆய்வு நெறிக்கும் ஒரு குறையுண்டு. என்ன வினவுவது, எதை ஏற்பது என்பவற்றை ஆராய்பவரே முடிவு செய்கிறார். தொழிலாளர் நல அமைப்பினரும் அங்குச் சாட்சியம் அளித்தனர். எனினும், பணி நிலையோ வாழ்க்கை நிலையோ கலவரத்திற்குக் காரணமன்று என்றே குழு முடிவு கூறிற்று. மதுவையே பெருந்துணைக் காரணமாகக் கண்டது. இதனை மறுத்துரைத்தோரும் உளர். நீதிமன்றத் தீர்ப்பாயின் மேல்முறையீடு செய்யலாம். அறிக்கைக்கு அது கிடையாது.

2015 ஏப்ரல் முதல் நாள் புதிய மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தீவு முழுதும் அது தடுத்தது. லிட்டில் இந்தியாவிற்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமையாயிற்று.