பாஸான பைக்: ஒரு பதிவேட்டை வாசித்தல்

போன வருடம் ஐப்பசி மழைக்குள் அப்பா மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஒருவரும் இடிக்கவில்லை, பெரிய வேகமும் இல்லை. பின் ரயர் தேய்ந்து வழுவழுவென்று கிடந்தது, அவ்வளவுதான். அதற்கு மூன்று கிழமைக்கு முதல்தான் அதே பைக்குக்குப் புகைப் பரிசோதனை முடித்து, வருமான அனுமதிப்பத்திரமும் எடுத்திருந்தோம். நான்தான் கொண்டுபோனேன். சைலன்சருக்குள் குழாயை விட்டார்கள், கணினியில் எண்கள் வந்தன, துண்டை அடித்துத் தந்தார்கள். பாஸ். ரயரை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அது அவர்களுடைய வேலையும் இல்லை. வீட்டில் நாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விஷயம் கேள்விப்பட்டு இங்கிலாந்திலிருந்து சித்தப்பா எடுத்தார். "இஞ்ச எண்டா உந்த ரயருக்கு எம்.ஓ.ரி குடுக்கமாட்டாங்கள் பிள்ளை" என்றார். அங்கிருந்து பேச்சு வழக்கம்போல அவருடைய பைக்குக்குப் போய்விட்டது. அவரிடம் இருப்பது ஹொண்டா எஸ்.ரி. 1100. பான் யூரோப்பியன் என்று பெயர். 1998ஆம் ஆண்டில் பதிந்தது. தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய பைக்: நாலு சிலிண்டர், 28 லீற்றர் பெற்றோல் தாங்கி, முன்னால் காற்றைத் தடுக்கிற அகலமான உறை, இரண்டு பக்கமும் பெட்டி. "இவ்வளவு காலத்தில மூண்டே மூண்டு தரம்தான் ஃபெயில். நம்பாட்டி நம்பரைப் போட்டுப் பார்."

நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பிரித்தானியாவில் எந்த வாகனத்தின் இலக்கத்தை அடித்தாலும் அதன் வருடாந்தப் பரிசோதனை வரலாறு அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாக வரும். 2005க்குப் பிறகு நடந்தவை: எந்தத் திகதி, எத்தனை மைல் ஓடியிருந்தது, பாஸா ஃபெயிலா, ஃபெயில் என்றால் ஏன், பாஸ் என்றாலும் கவனிக்க வேண்டியவை என்ன. வரலாறு படிக்கிற ஒருத்திக்கு இப்படி ஒன்று கையில் கிடைத்தால் விடமுடியுமா. இரண்டு இரவு அதோடேயே இருந்தேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய இரவுகள் அவை.

முதலில் அந்தப் பரிசோதனை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எம்.ஓ.ரி என்பது போக்குவரத்து அமைச்சு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். அந்தப் பெயரில் இருந்த அமைச்சு 1970இல் வேறொரு திணைக்களத்துக்குள் கரைந்துவிட்டது. பெயர் மட்டும் பரிசோதனையில் ஒட்டிக்கொண்டு இன்னும் வாழ்கிறது. 1956ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் இதற்கு வழி திறந்தது. பரிசோதனை தொடங்கியது 1960 செப்ரெம்பர் 12. அப்போது அமைச்சராக இருந்தவர் ஏர்னெஸ்ற் மார்ப்பிள்ஸ். அதற்கு ஒரு வருடம் முதல், 1959 நவம்பர் 2இல், எம்.1 என்ற நீண்ட நெடுஞ்சாலையைத் திறந்து வைத்தவரும் அவர்தான். அந்த வீதியில் அன்றைக்கு வேகக் கட்டுப்பாடே இல்லை. (மார்ப்பிள்ஸ் வீதி கட்டும் கம்பனி ஒன்றின் பங்குதாரராக இருந்தவர் என்பதும், அமைச்சரான பிறகு அந்தப் பங்குகளால் பெரிய சர்ச்சை எழுந்தது என்பதும் தனிக் கதை. இன்னொரு நாளைக்கு எழுதலாம்.)

புது வீதி, பழைய வாகனங்கள். போருக்கு முந்திய கார்களும் பைக்குகளும் அப்போது நிறைய ஓடிக்கொண்டிருந்தன. முதலில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட வாகனங்களைத்தான் கூப்பிட்டார்கள். பார்த்தது மூன்று விஷயம்: பிரேக், லைற், ஸ்ரியறிங். தவறியவை அவ்வளவு அதிகமாக இருந்ததால், 1961 முடிவில் வயதெல்லையை ஏழு வருடமாகக் குறைத்தார்கள். 1967 ஏப்ரலில் மூன்று வருடம். இன்றைக்கும் அந்த மூன்றுதான். இடையில் 1966இல் பிரித்தானிய வீதிகளில் 7,985 பேர் இறந்தார்கள். சமாதான காலத்தில் அந்த நாடு கண்ட மிகக் கூடிய எண்ணிக்கை அது.

பட்டியல் ஒரே நாளில் நீளவில்லை. ரயர் 1968இல்தான் சேர்ந்தது. அதாவது முதல் எட்டு வருடம் அப்பாவின் ரயர் அங்கேயும் பாஸாகியிருக்கும். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஹோர்ண், வைப்பர், சைலன்சர், உடற்பகுதியின் நிலை எல்லாம் 1977இல். கார்களின் புகை 1991இல்.

கார்களின் புகை என்று சொன்னதைக் கவனியுங்கள். மோட்டார் சைக்கிள்களின் புகையை எம்.ஓ.ரியில் இன்றுவரை அளப்பதில்லை. சைலன்சர் பத்திரமாக இருக்கிறதா, அளவுக்கு மீறிச் சத்தம் போடுகிறதா என்று பார்ப்பார்கள், அதோடு சரி. எங்கட நாட்டில் 2008இல் தொடங்கிய பரிசோதனையில், தனியார் மோட்டார் சைக்கிளுக்கு அளப்பது புகையை மட்டும். பஸ், லொறிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது, பைக்குக்கு இல்லை. ஆக ஒரு நாடு புகையைத் தவிர மற்றதெல்லாம் பார்க்கிறது, மற்ற நாடு புகையை மட்டும் பார்க்கிறது. இரண்டு துண்டிலும் பாஸ் என்றுதான் அடித்திருக்கிறது. அங்கே இந்த ஏற்பாடு பிறந்தது வீதியில் செத்தவர்களை எண்ணி. இங்கே பிறந்தது கொழும்பின் காற்றை எண்ணி. எந்தப் பயத்திலிருந்து பரிசோதனை பிறந்ததோ அந்தப் பயம்தான் அதன் கண். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று: அவர்கள் 1962இல் எம்.ஓ.ரி இல்லாவிட்டால் வீதி வரிப் பத்திரம் இல்லை என்றார்கள், நாங்கள் புகைத் துண்டு இல்லாவிட்டால் அனுமதிப்பத்திரம் இல்லை என்கிறோம். காசு கட்ட வருகிற இடத்தில் ஆளைப் பிடிப்பது எல்லா அரசாங்கத்துக்கும் தெரிந்த வித்தை.

இனிச் சித்தப்பாவின் பெருமைக்கு வருவோம். பொதுவாகவே அங்கே மோட்டார் சைக்கிள்கள் கார்களை விட நல்லாய்ப் பாஸாகின்றன. கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முதல் தடவை தவறும். பைக்குகளில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. தவறுகிறவற்றிலும் லைற் சம்பந்தப்பட்டவைதான் முன்னுக்கு நிற்கும்: பல்ப் எரியாது, முன் லைற் மேல்நோக்கி அடிக்கும். பிறகு பிரேக், ரயர். பான் யூரோப்பியன் மாதிரிப் பயண பைக்குகளுக்கு இதில் இன்னும் சில வசதிகள் உண்டு. அவற்றில் செயின் இல்லை, தண்டுதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆகவே செயின் தளர்ந்தது, பல்லுச் சக்கரம் தேய்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. நடு ஸ்ராண்ட் இருக்கிறது, சொந்தக்காரரே வீட்டில் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். அந்தச் சொந்தக்காரர் பெரும்பாலும் நாற்பது ஐம்பது வயதுக்காரர், பைக்கை உள்ளே பூட்டி வைக்க இடம் உள்ளவர், பரிசோதனைக்கு முதல் நாள் பல்ப் எல்லாம் எரிகிறதா என்று பார்ப்பவர். சாப்பாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு நாள் முழுக்க மழையில் ஓடுகிற பெடியனின் சின்ன ஸ்கூட்டரோடு இதை ஒப்பிட்டு "எது உறுதியான பைக்" என்று கேட்டால், நாங்கள் இரண்டு பைக்குகளை ஒப்பிடவில்லை, இரண்டு மனிதர்களின் நேரத்தையும் காசையும் ஒப்பிடுகிறோம்.

சித்தப்பாவின் பதிவேட்டிலும் இது இருந்தது. அவர் அந்த பைக்கை வாங்கியது 2011இல். அதற்கு முந்திய சொந்தக்காரர் வருடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் மைல் ஓடியிருக்கிறார். மூன்று ஃபெயிலில் இரண்டு அவருடைய காலத்தவை: ஒரு தரம் முன் லைற், ஒரு தரம் பின் பிரேக். சித்தப்பாவின் காலத்தில் வருடத்துக்கு இரண்டாயிரம் மைல்கூட இல்லை. சில வருடம் ஆயிரத்துக்கும் கீழே. ஒரேயொரு ஃபெயில், அது ரயர். (இதைத் தொலைபேசியில் சொல்லிக் காட்டினேன். "அது வேற கதை" என்றார்.) பைக் அப்படியே இருக்கிறது, ஓடுகிறவர் மாறினார், எண்கள் மாறின. 2020இல் வழக்கமான வைகாசிப் பரிசோதனையைக் காணவில்லை, கார்த்திகையில் இருக்கிறது. கொரோனாவுக்காக அரசாங்கம் ஆறு மாதம் தவணை கொடுத்த வருடம் அது.

இந்தத் தகவல்கள் எல்லாம் இவ்வளவு சுலபமாகக் கிடைத்தவை அல்ல. எந்தத் தயாரிப்பு, எந்த மொடல் எத்தனை வீதம் தவறுகிறது என்று பி.பி.சி. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டபோது, பொறுப்பான அரச நிறுவனம் தர மறுத்தது. உற்பத்தியாளர்களின் வணிக நலன் பாதிக்கப்படும் என்பது அவர்கள் சொன்ன காரணம். தகவல் ஆணையாளர் தலையிட்ட பிறகுதான் 2010 தை மாதத்தில் பட்டியல் வெளிவந்தது. ஐம்பது வருடமாகச் சனங்கள் காசு கட்டிச் செய்த பரிசோதனை. முடிவுகள் சனங்களுக்குப் போக ஒரு சண்டை தேவைப்பட்டது. எங்கட புகைப் பரிசோதனை முடிவுகளை மொடல் வாரியாக யாராவது கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இங்கேயும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. வாசிக்கிறவர்களில் யாருக்காவது பொறுமை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சரி, பட்டியல் வந்துவிட்டது, எண்கள் நல்லாய் இருக்கின்றன. அப்படியென்றால் பாஸான பைக் பத்திரமானதா? இங்கேதான் பான் யூரோப்பியனின் அடுத்த தலைமுறை வருகிறது. 2002இல் வந்த எஸ்.ரி. 1300ஐ பிரித்தானியப் பொலிஸ் படைகள் விரும்பி வாங்கின. 2005இல் மேர்சிசைட் பொலிசைச் சேர்ந்த ஒருவர் அதில் போகும்போது விபத்தில் இறந்தார். மிகுந்த வேகத்தில் பைக் பாம்பு மாதிரி இடமும் வலமுமாக நெளியத் தொடங்கும் பிரச்சினை மரண விசாரணையில் பேசப்பட்டது. 2007இல் பல பொலிஸ் படைகள் அதைச் சேவையிலிருந்து விலக்கின. பராமரிப்பில்லாத பைக்குகள் அல்ல அவை, பொலிஸ் கராஜ்களில் கவனமாகப் பார்க்கப்பட்டவை. ரயர், பிரேக், லைற் எதுவும் குறையாமல் இருந்தும் இது நடக்கலாம். எம்.ஓ.ரியில் இது பிடிபடவே பிடிபடாது, ஏனென்றால் அங்கே பைக்கைக் கராஜுக்குள் வைத்துப் பார்க்கிறார்கள், பெட்டி நிறையச் சாமானோடு நெடுஞ்சாலையில் நூறு மைல் வேகத்தில் ஓடிப் பார்ப்பதில்லை. அப்படி ஓடிப் பார்க்கவும் முடியாது, அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. பரிசோதகர் எதையும் கழற்றக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதை, கைக்கு எட்டுவதை மட்டும்தான் பார்க்கலாம். காரணம் விளங்குகிறது: மோட்டார் சைக்கிளுக்குக் கூடினது 29.65 பவுண் கட்டணம், அதற்குள் பைக்கை அக்கக்காகப் பிரித்துப் பூட்ட முடியாது. கழற்றும்போது ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் வரும். ஆனால் பயண பைக் என்பதே உறைகளால் மூடிய பைக். அதன் பாதி உடம்பு பிளாஸ்ரிக்குக்குப் பின்னால். குளிர்காலத்தில் அந்த நாட்டு வீதிகளில் பனி உறையாமல் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் எல்லா இடுக்குக்குள்ளும் போகும். எஸ்.ரி. 1100இன் பின் சக்கரத்தைத் தாங்குகிற கை உள்ளேயிருந்து துருப்பிடிக்கும் என்பது பழைய சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி எச்சரிக்கிற விஷயம். வெளியே பூசின மை அப்படியே இருக்கும், உள்ளே தகடு மெலிந்துகொண்டு போகும்.

இதை நான் எங்கேயோ வாசித்துவிட்டுச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு படம் வந்தது. பின் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கையை ஸ்குறூ டிறைவரால் குத்தியிருக்கிறார். முனை உள்ளே போய்விட்டது. அதற்கு முந்தின வைகாசியில் பாஸ், ஒரு குறிப்பும் இல்லை. பரிசோதகர் மேல் பிழை சொல்ல அவருக்கு மனமில்லை. "அவன் பாக்கக்கூடிய இடத்தில இது இல்லைப் பிள்ளை. நானே பதினாலு வருசமாப் பாக்கேல்ல" என்றார்.

பழைய பைக் உடைக்கிற ஒருவரிடமிருந்து வேறொரு கை வாங்கி, தானே பூட்டியிருக்கிறார். உள்ளே துருத்தடுப்பு மெழுகும் அடித்தாராம். இந்த வைகாசியில் திரும்பவும் எம்.ஓ.ரி. பாஸ். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்: போன வருடத்து வரியும் இந்த வருடத்து வரியும் ஒரே மாதிரி இருக்கின்றன. மைல் மட்டும் அறுநூறு கூடியிருக்கிறது.