பால்வெட்டுத் தொழிலும் ‘திறனற்ற தொழிலாளி’ என்னும் பெயரும்: மலாயாத் தோட்டத் தமிழரின் தொழிற்பாதை குறித்து ஒரு நோக்கு

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் குடிபெயர்விலே தொடங்கித் துன்பத்திலே முடிப்பர். கப்பல் பயணம், கங்காணி முறை, லயன் வீடு, கள்ளுக்கடை, சயாம் மரண இரயில் பாதை என அவ்வரலாறு அமையும். அத்துன்பங்கள் மெய்யானவை, அவற்றைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் அம்மக்கள் நாள்தோறும் செய்த வேலை எத்தன்மையது, அதற்கு எத்தகைய அறிவு வேண்டியிருந்தது, அவ்வறிவு அவர்களை வாழ்க்கையில் எந்தப் படிக்கு உயர்த்தியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இக்கட்டுரையில் பால்வெட்டுத் தொழிலை முதன்மையாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய முற்படுகிறோம்.

1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட இரப்பர் விதைகளிலிருந்து முளைத்த 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன என்பது பலரும் அறிந்த செய்தி. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் ஒரே வெட்டுக்காயத்தை மீண்டும் மீண்டும் திறந்து பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன் பின்னரே இரப்பர் ஒரு தோட்டப்பயிராக நிலைபெற இயன்றது. ரிட்லியின் பெயர் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. அம்முறையைப் பல கோடி மரங்களில் நாள்தோறும் நிறைவேற்றிய கைகள் எவருடையவை என்பது தனியே விளக்க வேண்டாதது.

அவ்வேலையின் நுட்பத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். இரப்பர் மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று உள்ளது. பால்குழாய்கள் அப்படலத்தை ஒட்டிய பட்டைப் பகுதியிலேயே மிகுதியாக உள்ளன. எனவே உளி ஆழமாகச் செல்லாவிடில் பால் குறையும்; மிக ஆழமாகச் சென்றால் வளர்படலம் காயமுறும். காயமுற்ற இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பல ஆண்டுகள் கழித்து அதே பட்டையில் மீண்டும் வெட்ட வேண்டிய நிலையில் அது பயனற்றதாகிவிடும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே ஆகும். ஒவ்வொரு முறையும் சீவப்படும் பட்டையும் ஏறத்தாழ அத்தகைய தடிப்பே உடையது. வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஒரே சாய்வில் செல்ல வேண்டும். பால்குழாய்கள் மரத்தில் சற்றே சாய்ந்து செல்வதால், சாய்வு மாறினால் அறுபடும் குழாய்களின் எண்ணிக்கை குறைந்துவிடும்.

இவ்வளவும் விடியுமுன், நெற்றி விளக்கின் ஒளியில், சில நூறு மரங்கள் கொண்ட ஒரு நிரையில் நின்று நின்று செய்யப்பட்டன. வெயில் ஏறுமுன் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும் வேளையே பால் நன்றாக வடியும் வேளை என்பதால், பெரட்டும் இருட்டிலேயே நடைபெற்றது. முதலில் மங்கைத் துடைத்து, முந்திய வெட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, பின்னர் ஒரே வீச்சில் பட்டையைச் சீவி அடுத்த மரத்திற்குச் செல்ல வேண்டும். பிறகு பாலைச் சேகரித்து, காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டு, நிறுவைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மழை வந்தால் பால் கழுவிச் செல்லப்படும். அன்றைய உழைப்பு வீணாகும். மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் குறையும். இவை யாவற்றையும் கணித்தறிந்தவரே நல்ல வெட்டாளர் எனப்பட்டார். 1925இல் நிறுவப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வெட்டின் நீளம், சாய்வு, இடைவெளி ஆகியவற்றை விரிவாக ஆய்ந்து விதிகள் வகுத்தது. விதியை ஏட்டில் எழுதலாம். உளியின் முனை எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கைதான் அறிய வேண்டும்.

இத்தகைய தொழிலுக்குச் சட்டம் இட்ட பெயர் யாது? 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம் வெளிநாடு செல்வோரின் வேலையைத் திறனுடைய வேலை, திறனற்ற வேலை என இரண்டாகப் பகுத்தது. கைவினைஞர், எழுத்தர், கடைப்பணியாளர், உணவகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஊழியம் செய்வோர், வீட்டுப் பணியாளர் ஆகியோர் திறனுடையோர் வகையில் சேர்க்கப்பட்டனர். வேளாண்மையில் ஈடுபடுதல் திறனற்ற வேலை எனப்பட்டது. தோட்டத் தொழிலாளர் அனைவரும் இவ்விரண்டாம் வகையுள் அடங்கினர். தேநீர் கொண்டுவந்து வைப்பவர் திறனுடையவர். ஒரு மில்லிமீட்டர் எல்லைக்குள் உளியை நிறுத்துபவர் திறனற்றவர் என்னும் முரண்பாடு எவருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. சுரண்டலிலிருந்து ஏழை மக்களைக் காக்கும் நோக்குடன் அப்பகுப்பு செய்யப்பட்டது என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. அரசு உதவியுடனான தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்தபோது பயன்பட்டதும் இதே பகுப்புதான். எனினும் பாதுகாப்புக்காக இடப்பட்ட பெயர், காலப்போக்கில் மதிப்பீடாக மாறிவிட்டது என்பதே நம் கருத்து.

பெயரின் விளைவைக் கூலியில் காணலாம். 1920களின் இறுதியில் முதன்மையான பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல், உலகப் பொருளாதார வீழ்ச்சியையொட்டி, அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. இங்கு இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, கூலி வேலையின் நேர்த்தியைச் சார்ந்து அமையாமல் ‘வாழ்க்கைக்குப் போதுமான தொகை’ என்னும் அடிப்படையில் கணிக்கப்பட்டமை. இருபது ஆண்டு பட்டறிவு உடையவரும் ஓராண்டு முன் வந்தவரும் அக்கணக்கில் ஏறத்தாழ ஒருவரே. இரண்டாவது, பெண்களின் நிலை. அவர்கள் வெட்டிய மரமும் அதே மரம்; ஏந்திய உளியும் அதே உளி. நிரையை முடித்தபின் ஆயாக்கொட்டகையில் விட்ட குழந்தையை எடுத்துச் சென்று அடுப்பு மூட்டிய வேலையோ எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஒரு தொழிலைத் திறன் என ஏற்றுக்கொள்ளும் இடத்தில் பயில்பவர், தேர்ந்தவர், ஆசான் எனப் படிநிலைகள் தோன்றும். தோட்டத்தில் அத்தகைய ஏணி இல்லை. அங்கிருந்த படிநிலை துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்பதே. இவற்றுள் கங்காணிப் பதவிக்கு ஒரு சிலர் உயர்ந்தனர். ஆயினும் அது வெட்டுத்திறனுக்காகக் கிடைத்ததன்று. ஊரிலிருந்து ஆள் திரட்டும் ஆற்றல், உறவுச் செல்வாக்கு, சாதி ஆகியவையே அதனைத் தீர்மானித்தன. கிராணிப் பதவிக்கு ஆங்கிலம் வேண்டும். ஆகவே யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளுமே அவ்விடங்களில் பெரும்பாலும் அமர்ந்தனர். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகள் தந்த ஆங்கிலக் கல்வியே அவர்களை இரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் கொண்டுவந்தது. ஒரே மொழி பேசிய இரு சமூகத்தார் ஒரே நாட்டிற்கு வந்து இருவேறு பாதைகளில் சென்றமைக்கு அறிவு வேறுபாடு காரணமன்று. பள்ளிக்கூட வேறுபாடே காரணம்.

தோட்டப் பள்ளிகளின் நிலை அதற்கு நேர்மாறானது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் எனத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்தை நிறைவேற்றும் பொருட்டுப் பல இடங்களில் கிராணியோ கங்காணியோ சில மணி நேரம் ஆசிரியராக அமர்ந்தனர். தமிழில் தொடக்கக் கல்வி முடிந்தபின் தொடர்வதற்கு இடைநிலைப் பள்ளி இல்லை. பன்னிரண்டு வயதில் படிப்பு நின்றால் அடுத்து இருப்பது தாயின் நிரையே. இவ்வாறு தொழில் மரபுரிமையாயிற்று. விரும்பி ஏற்ற மரபுரிமை அன்று.

தொழிலாளர் இந்நிலையை உணரவில்லை என எண்ணுவது தவறாகும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்கின் இது தெளிவாகும். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டம் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியைக் கோரியது. பிள்ளைகளுக்குக் கல்வியையும் நல்ல மருத்துவ வசதியையும் கோரியது. கள்ளுக்கடைகளை மூடுமாறு வேண்டியது. இவற்றுடன் மற்றொரு கோரிக்கையும் இருந்தது: துரைமாரையும் கிராணிமாரையும் வழியில் காணும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. கூலி ஆய்வில் மட்டும் கருத்தூன்றும் ஆய்வாளர் சிலர் இதனைச் சிறிய செய்தியாகக் கடந்து செல்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. மிதிவண்டி அக்காலத் தொழிலாளி தன் உழைப்பால் வாங்கிய பொருள். அதன்மீது அமர்ந்து செல்லும் உரிமையைக் கோருவது, உழைப்பு தனக்கு எதைத் தந்தது என்பதற்கான விடையாகும். அப்போராட்டம் படைவலிமையால் அடக்கப்பட்டது, உயிரிழப்பும் நேர்ந்தது, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் நிலைமை ஓரளவு மாறியது. ஊழியர் சேமநிதி 1951இல் தோன்றியது. சிதறிக் கிடந்த சங்கங்கள் இணைந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. ஆனால் அதே காலத்தில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றனர். தோட்டத் தொழிலாளிக்கு வேலை என்பது கூலி மட்டுமன்று. வீடும், பிள்ளையின் பள்ளியும், மாரியம்மன் கோயிலும், சுடுகாடும் அதனோடு பிணைந்தவை. வேலை போனால் ஒரே நாளில் யாவும் போயின. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இதற்கு ஒரு விடை கண்டது. தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கைப் பெற்றனர். அப்பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பால்வெட்டாளர் தாம் வெட்டும் மரத்திற்குப் பங்குடையவரானது அதுவே முதன்முறை எனலாம். ஆயினும் துண்டாடலின் வேகத்திற்குச் சங்கத்தால் ஈடுகொடுக்க இயலவில்லை.

அடுத்த அடி 1969இல் விழுந்தது. முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரவர், வாழ்நாளெல்லாம் செய்த வேலைக்கு அனுமதி கேட்டு வரிசையில் நின்றனர். குடியுரிமைக்குத் தகுதி இருந்தும் ஆவணமின்மையால் விண்ணப்பிக்காதோர் அவர்களுள் பலர். எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. வேலை மீண்டும் ஒரு சட்டச் சொல்லைச் சார்ந்து நின்றது.

பின்னைய வரலாறு நாம் அறிந்ததே. இரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. நிரைக்குப் பதில் குலை வெட்டும் வேலை வந்தது. அதற்கு வெளிநாட்டுத் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். தோட்டத்து இளைஞர் தொழிற்சாலைகளையும் லாரி ஓட்டும் வேலையையும் நாடி நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். ஒரு சிலருக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியப் பணி கதவைத் திறந்தது. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றியபின், பால்வெட்டாளர் பிள்ளைகள் சிலர் தமிழையே தொழிலாகக் கொண்டு விரிவுரையாளர் பதவி வரை உயர்ந்தனர். இந்நாட்டில் முதன்முறையாகக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2013இல் 900 வெள்ளி என நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் எஞ்சியிருந்த தமிழர் மிகச் சிலரே.

ஓய்வு பெற்ற பால்வெட்டாளரிடம் அவர்தம் வாழ்க்கையை வினவுங்கால் நாம் அடிக்கடி காணும் ஒன்றுண்டு. கூலியைப் பற்றிய முறைப்பாடு வரும். கிராணியின் ஏச்சு வரும். கொசுவும் பாம்பும் வரும். அவற்றுக்கு முன்னரே மரம் வந்துவிடும். எந்த நிரையில் பால் மிகுதி, எவர் வெட்டிய பட்டை காயமின்றி வழவழப்பாய் வளர்ந்தது, எந்த மரத்தைப் பிறரிடம் ஒப்படைக்க மனம் வரவில்லை என விரல்களை வளைத்துக் காட்டி விளக்குவர். மலேசிய இரப்பர் வாரியம் இப்போது பால்வெட்டைப் பயிற்சி தந்து கற்பிக்கிறது. ஒரு மில்லிமீட்டர் எல்லையைப் புதியவர்க்குக் கற்பிக்கும் அப்பாடத்தை, நம் பாட்டிமார் ஏழு, எட்டு வயதில் தாயின் பின்னால் விளக்கேந்தி நடந்து கற்றனர்.