நடுநாட்டுக் கோழிக் குழம்பின் வரலாறு

இத்தாலியச் சிற்றூர்களில், கோழியைத் துண்டுகளாக்கி, வெங்காயத்தோடு வதக்கி, திராட்சை மதுவும் தக்காளியும் சேர்த்து மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைக்கும் குழம்புக்குப் 'போல்லோ அல்லா கச்சத்தோரா', அதாவது வேட்டைக்காரர் முறைக் கோழி, என்று பெயர். பெல்லக்ரீனோ அர்த்தூசி 1891இல் வெளியிட்ட புகழ்பெற்ற இத்தாலியச் சமையல் நூலிலும் இது இடம்பெற்றுள்ளது. இதற்கு இணையான தமிழகச் சமையலைத் தேடுவோர்க்கு, பழைய நடுநாட்டின் பகுதியான விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் நாட்டுக்கோழிக் குழம்பு உடனே நினைவுக்கு வரும். இரண்டையும் காலங்காலமாக மாறாத மண்ணின் சமையல் என்று போற்றுவது வழக்கம். ஆனால் அவற்றின் நிறத்துக்கும் சுவைக்கும் காரணமான பொருள்களில் பல கடந்த 500 ஆண்டுகளுக்குள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்தவை. இதனால் நாட்டுக்கோழிக் குழம்பின் மீது இவ்வட்டாரத்துக்குள்ள உரிமை சிறிதும் குறைந்துவிடவில்லை. வந்த பொருள்களை இவ்வட்டாரத்து உழவரும் வணிகரும் அடுக்களைப் பெண்களும் தமதாக்கிக்கொண்ட முறையே இதன் உண்மையான வரலாறு.

இவ்வட்டாரத்தின் உணவைப் பற்றிய சான்று சங்க இலக்கியத்திலேயே தொடங்குகிறது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாட்டின் தலைநகரான கிடங்கில், இன்றைய திண்டிவனம் நகருக்குள் அடங்கிய கிடங்கல் பகுதியே. பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழியிலுள்ள ஒவ்வோர் ஊரிலும் என்ன உணவு கிடைக்கும் என்று அந்நூல் அடுக்கிச் சொல்கிறது: வேலூரில் எயினர் மகளிர் சமைத்த புளிச்சோறும் காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். வடக்கே காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், மருதநிலத்து உழவர் வீடுகளில் வெண்ணெல் சோற்றுடன் மனையில் வளர்ந்த பெட்டைக்கோழியின் பொரியலும் விருந்தாகக் கிடைப்பது சொல்லப்படுகிறது. ஆக, புளியும் கோழியும் விருந்தோம்பலும் இங்கே மிகப் பழையவை; அக்காலக் காரம் மேற்குமலைத் தொடரின் மிளகுக்கு உரியது.

கோழி இங்கே உணவாக மட்டும் மதிக்கப்படவில்லை என்பதற்கு விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில் கிடைத்த நடுகல் சான்றாக நிற்கிறது. நடுகல் என்பது போரில் வீழ்ந்த வீரனின் நினைவாக நட்டு வழிபடும் கல். அரசலாபுரத்துக் கல்லோ, ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டில், முகையூர் மேற்சேரியைச் சேர்ந்த ஒரு சண்டைச் சேவலுக்காக, அதன் உருவத்தைச் செதுக்கி எழுத்தும் பொறித்து நடப்பட்டது. இந்தளூரிலும் இத்தகைய கோழிக்கல் ஒன்று கிடைத்துள்ளது. சேவற்போரில் ஒரு சேரியின் பெருமையைத் தாங்கி நின்ற பறவைக்கு மனிதர்க்கு நிகரான மரியாதை செய்த இந்த ஊர்களை, தமிழகப் பண்பாட்டு வரலாற்றில் இன்னும் முன்வரிசையில் வைத்துப் பேச வேண்டும்.

இவ்வாறு முற்றத்திலும் வயலோரத்திலும் மேய்ந்து வளர்ந்த பறவையின் உடலமைப்பே அதைச் சமைக்கும் முறையைத் தீர்மானித்தது. ஓடியாடி முற்றிய கோழியின் தசையில் இணைப்புத் திசு மிகுதி. அது கடுந்தீயில் சுருங்கி நார்போல் ஆகிவிடும், சிறுதீயில் நெடுநேரம் கொதித்தால் கரைந்து குழம்புக்கே கெட்டித்தன்மை தரும். இறைச்சியை மென்மையாக்க இத்தாலியர் மதுவின் புளிப்பை நம்பினர் என்றால், இங்கே அந்த வேலையைப் புளிக்கரைசலும் பின்னாளில் தக்காளியும் செய்தன. சமைப்பதற்கு முன் இறகு நீக்கிய கோழிக்கு மஞ்சள் பூசி, வைக்கோல் தீயில் புரட்டிப் புரட்டி வாட்டுவார்கள்; மீந்த பூமயிர் பொசுங்கி, தோலடிக் கொழுப்பு இளகி, மெல்லிய புகைமணம் இறைச்சியில் ஏறும். தோலை உரிக்காமலே துண்டுபோட்டு, சின்ன வெங்காயத்தோடு வதக்கி, மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், சோம்பு ஆகியவற்றை வறுத்து அம்மியில் அரைத்த மசாலாவைக் கூட்டி, கறி வெந்தபின் தேங்காய் விழுதைச் சேர்த்து இறக்குவது பரவலான முறை. சோற்றுக்கு மட்டுமன்றி, கேழ்வரகுக் களிக்கும் இது பொருத்தமான குழம்பு.

இந்தப் பட்டியலில் மிளகாய் புதியது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததும், 1510இல் கோவா போர்த்துக்கீசியர் கைக்கு வந்ததும் அமெரிக்கப் பயிர்கள் இந்தியாவுக்கு வர வழி திறந்தன. இவ்வட்டாரத்தை அப்போது ஆண்ட செஞ்சி நாயக்கர்களுக்குக் கடற்கரை வழியாகப் போர்த்துக்கீசியரோடு தொடர்பு இருந்தது. கிருஷ்ணப்ப நாயக்கரை இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டா 1597இல் செஞ்சியில் சந்தித்தார். மலையிலிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டிய மிளகுக்கு மாற்றாகத் தன் கொல்லையிலேயே விளையும் காரம் கிடைத்தபோது, ஏழை வீட்டுக் குழம்பு அதை விரைந்து ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. தக்காளியின் பயணம் இன்னும் மெதுவானது. இத்தாலியில் மருத்துவர் மாத்தியோலி 1544இல் அதைக் குறிப்பிட்டாலும், நேப்பிள்சில் அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில் தக்காளிச் சாறு இடம்பெற 1690களாயின. தமிழக வீட்டுச் சமையலில் அது நிலைபெற்றதோ 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே.

மூன்றாவது அமெரிக்கப் பொருளான வேர்க்கடலையின் கதையில்தான் இவ்வட்டாரம் உலக வரலாற்றோடு நேரடியாகப் பிணைகிறது. இங்கே மல்லாட்டை என்றும் மணிலாக்கொட்டை என்றும் வழங்கும் இப்பயிர், தென்னார்க்காடு மாவட்டத்தின் மானாவாரிச் செம்மண்ணில், அதாவது மழையை மட்டும் நம்பிய நிலங்களில், 19ஆம் நூற்றாண்டில் பரவியது. விளைந்த கடலை பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரின் எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பலேறியது. 1879இல் திறக்கப்பட்ட விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை உள்நாட்டு விளைச்சலைக் கடற்கரையோடு இணைத்தது. திண்டிவனத்திலுள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் ஊரின் பெயரைச் சுருக்கி 'டி.எம்.வி.' என்ற வரிசையில் நிலக்கடலை, எள் இரகங்களை வெளியிட்டது. அவற்றுள், குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 பல பத்தாண்டுகள் தென்னிந்திய உழவர்களின் விருப்ப இரகமாக நீடித்தது. ஆந்திரத்து வறண்ட நிலங்களிலும் திண்டிவனத்தின் பெயர் தாங்கிய கடலை விளைந்தது இவ்வூருக்கு மெய்யான பெருமை. குழம்பின் மேல் மிதக்கும் கடலை எண்ணெய்க்கும் இந்த உழைப்புக்கும் நேரடி உறவு உண்டு.

அமெரிக்கப் பொருள்கள் வந்ததற்கு எதிர்த்திசையிலும் ஒரு பொருள் பயணம் செய்தது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள் ஆகியவற்றைக் கலந்து, விளக்கெண்ணெய் தடவி உருண்டை பிடித்து, கோடை வெயிலில் பல நாள் காயவைக்கும் வடகம் இவ்வட்டாரத்துத் தாளிப்பின் உயிர். மீன் குழம்புக்கும் வற்றல் குழம்புக்கும் முதன்மையாகப் பயன்படும் இது, புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுச் சமையலுக்குள் 'வதுவான்' என்ற பெயரில் புகுந்து, இன்று ஐரோப்பிய உணவகங்களில் கோழிக்கும் மீனுக்கும் மணமூட்டுகிறது.

கோழிக் குழம்பு அண்மைக்காலம் வரை அன்றாட உணவாக இருந்ததில்லை. மாப்பிள்ளை விருந்து, குலதெய்வப் படையல் போன்ற நாள்களுக்கே அது உரியது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க அரசு 2003இல் முற்பட்டபோது கிராமங்களில் எழுந்த எதிர்ப்புக்கும், 2004இல் அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டதற்கும் பின்னால் இந்தப் படையல் மரபு இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் பறவையே மாறியது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் ஆங்கிலப் பெயரைத் தாங்கி, அமெரிக்காவில் மேம்படுத்தப்பட்டு வந்த வெள்ளை லெகார்ன் முட்டைக்கோழி தமிழகப் பண்ணைகளை நிறைத்தது. இத்தாலியிலிருந்து தமிழகத்துக்கு மெய்யாகவே வந்து சேர்ந்த கோழி இதுதான். பின்னர், ஆறு வாரத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோ எடையை எட்டும் பிராய்லர் கறிக்கடைகளைப் பிடித்தது. அரை மணிக்குள் வெந்துவிடும் அந்த மென்கறிக்கு நெடுநேரச் சிறுதீயும் புளிப்பும் தேவைப்படாததால், முற்றிய பறவைக்காக உருவான பழைய பக்குவம் வீடுகளில் மெல்ல மறைகிறது. நாட்டுக்கோழிக்கு இன்று கூடுதல் விலை கொடுக்க ஆளிருக்கிறது. வைக்கோலில் வாட்டவும் அம்மியில் அரைக்கவும் வடகம் பிடிக்கவும் அறிந்த கைகள்தாம் குறைந்துவருகின்றன. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள், கல்வெட்டுகளைப் படியெடுக்கும் அதே அக்கறையோடு, இந்தக் கைப்பக்குவம் அறிந்த முதியவர்களிடம் சென்று ஊர்வாரியாகப் பக்குவங்களை எழுதிப் பதிவு செய்ய வேண்டும்.