இனெர்ஷியா: சோம்பலைக் குறித்த சொல் இயற்பியலுக்கு வந்த வரலாறு

இனெர்ஷியா என்பது சோம்பலையும் செயலின்மையையும் குறித்த ஓர் இலத்தீன் சொல். உரோமர் இதனை 'இனெர்த்தியா' என்று ஒலித்தனர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'நிலைமம்' என்றும் இலங்கைப் பள்ளிகளில் 'சடத்துவம்' என்றும் கற்பிக்கப்படும் இயற்பியல் கருத்துக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளில் இச்சொல்லின் வடிவங்களே பெயராக வழங்குகின்றன. மனிதரை இகழப் பயன்பட்ட சொல் பருப்பொருளின் பண்பைக் குறிக்கும் சொல்லாக மாற ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் ஆயின. மாறியபோது பழைய பொருளின் சாயல் முழுதும் நீங்கவில்லை. நிலைமம் என்றால் பொருள்கள் ஓய்வை நாடும் இயல்பு என்று மாணவர்கள் தவறாக எண்ணுவதற்கும் இச்சாயலுக்கும் தொடர்பு உண்டு.

சொற்பிறப்பு

இலத்தீனில் 'ஆர்ஸ்' என்றால் கலை, கைத்திறன், தொழில் என்று பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆர்ட்' என்ற சொல் இதிலிருந்து வந்ததே. இதன் முன் 'இன்' என்னும் எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து 'இனெர்ஸ்' என்ற பெயரடை உண்டாயிற்று. கைத்தொழில் எதுவும் அறியாதவன் என்பது அதன் நேர்ப்பொருள். தொழில் அறியாதவன் வேலையின்றி இருப்பான். வேலையின்றி இருப்பவனை ஊரார் சோம்பேறி என்பர். இவ்வாறு திறமையின்மை செயலின்மையாகி, செயலின்மை சோம்பலாயிற்று. 'இனெர்ஷியா' அந்தப் பெயரடையிலிருந்து பிறந்த பண்புப்பெயர்.

சோம்பலுக்கு உரோமரிடம் வேறு சொற்களும் இருந்தன. 'தெசிதியா' என்பது உட்காருதல் என்னும் வினையோடு உறவுடையது. எழாமல் உட்கார்ந்தே இருப்பதைச் சுட்டும். 'இக்னாவியா' ஊக்கமின்மையோடு கோழைத்தனத்தையும் குறிக்கும். 'ஓதியம்' என்பது ஓய்வு. படிப்பதற்கும் எழுதுவதற்கும் கிடைக்கும் ஓய்வு நேரத்துக்கும் அச்சொல் வழங்கியதால் அதில் எப்போதும் இகழ்ச்சி இருப்பதில்லை. இனெர்ஷியாவுக்கோ இகழ்ச்சிப் பொருளே பெரும்பான்மை. செய்ய வேண்டியவன் செய்யாமல் இருப்பதையே அது குறித்தது.

உரோமர் வழக்கு

கி.மு. 63 நவம்பரில் சிசெரோ உரோம ஆட்சிமன்றத்தில் கட்டிலீனாவுக்கு எதிராகப் பேசினார். கிளர்ச்சியை அடக்க ஆட்சிமன்றம் ஏற்கெனவே அதிகாரம் அளித்திருந்தும் நாட்கள் பல கடந்திருந்தன. அந்த உரையில் சிசெரோ இனெர்ஷியா என்ற குற்றத்தைத் தம்மீதே சுமத்திக்கொண்டார். கடமை தவறுதல் என்ற கடுமை அங்கே இச்சொல்லுக்கு உண்டு.

கவிஞர் ஹொரேஸ் தம் நிருபம் ஒன்றில் இச்சொல்லை வேறு விதமாகக் கையாண்டார். நல்வாழ்வைத் தேடிக் கப்பலிலும் தேரிலும் ஊர் ஊராக அலைவோரைப் பற்றிச் சொல்லும்போது, 'சுறுசுறுப்பான' என்று பொருள்படும் அடையை இனெர்ஷியாவுக்குக் கொடுத்தார். ஓடிக்கொண்டே இருப்பவனும் சோம்பலில் இருக்கக்கூடும் என்பது அவர் கருத்து.

வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 அளவில் செர்மானியக் குடிகளைப் பற்றி எழுதினார். போர் இல்லாத காலத்தில் அவர்களுடைய வீரர்கள் வீட்டையும் வயலையும் பெண்களிடமும் முதியோரிடமும் விட்டுவிட்டு, உண்பதிலும் உறங்குவதிலும் பொழுதைப் போக்கினர் என்கிறார். இனெர்ஷியாவை விரும்பும் இவர்கள் அமைதியை வெறுக்கின்றனரே என்று வியக்கிறார். எனவே சோம்பலும் அமைதியும் உரோமருக்கு ஒன்றல்ல.

மனிதருக்கு மட்டுமன்றி உயிரற்றவற்றுக்கும் 'இனெர்ஸ்' என்ற பெயரடை வழங்கியது. ஹொரேஸ் குளிர்காலத்தை அவ்வாறு வருணித்தார். உலகம் உருவாகுமுன் இருந்த குழப்பநிலையைப் பற்றி ஓவிட் தம் 'உருமாற்றங்கள்' என்ற காவியத்தின் தொடக்கத்தில் சொல்லும்போது, அது செயலற்ற பாரமாகக் கிடந்தது என்ற பொருளில் இதே அடையைப் பயன்படுத்தினார். பருப்பொருள் தானாக எதுவும் செய்யாது என்ற எண்ணம் அப்போதே இச்சொல்லோடு சேர்ந்துவிட்டது.

கெப்ளர்: ஓய்வை நாடும் பொருள்

இனெர்ஷியாவை இயக்கம் பற்றிய அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் யோகான்னஸ் கெப்ளர் (1571–1630). அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் இலத்தீனிலேயே எழுதினர். ஆதலால் புதிய கருத்துக்குப் பெயரிட விரும்பியவர் பழைய இலத்தீன் சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வது வழக்கம்.

கல் பூமியின் நடுவை நோக்கிச் செல்வது அதன் இயல்பு என்று அரிஸ்டாட்டில் கூறியிருந்தார். கெப்ளர் அதை மறுத்தார். பருப்பொருளுக்கு எந்த இடத்தின்மீதும் தனி விருப்பம் இல்லை. வைத்த இடத்திலேயே அது நிற்கும் என்றார். அந்த இயல்பையே இனெர்ஷியா என்றார். 1618 முதல் 1621 வரை வெளிவந்த அவருடைய கோப்பர்னிக்க வானியல் நூலில் இச்சொல் முக்கிய இடம் பெறுகிறது. சூரியனிலிருந்து வரும் விசை கோள்களைச் சுற்றித் தள்ளுகிறது. கோளின் சோம்பல் அதை எதிர்க்கிறது என்பது அவர் விளக்கம். தள்ளுவது நின்றால் கோளும் நின்றுவிடும் என்பது இதன் உட்பொருள். ஆகவே கெப்ளரிடம் இச்சொல் பழைய 'சோம்பல்' பொருளுக்கு மிக அருகில் இருந்தது.

நியூட்டன்: நிலை மாறாத பொருள்

அடுத்த தலைமுறையில் கருத்து மாறியது. தடையற்ற கிடைத்தளத்தில் ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று கலிலியோ 1638இல் வெளியான நூலில் எழுதினார். அதே ஆண்டில் டேக்கார்ட், மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில், பொருள்களுக்கு இயற்கையான சோம்பல் உண்டு என்பதைத் தாம் ஏற்கவில்லை என்றார். 1644இல் வந்த தம் நூலில், இயங்கும் பொருள் நேர்கோட்டில் தொடர்ந்து செல்லவே முனையும் என்று விளக்கினார். அதாவது இயக்கம் தொடர்வதற்குக் காரணம் தேவையில்லை. மாறுவதற்கே காரணம் தேவை.

ஐசக் நியூட்டன் 1687இல் வெளியிட்ட 'பிரின்சிப்பியா' நூலின் மூன்றாம் வரையறையில் இக்கருத்துக்குக் கெப்ளரின் சொல்லையே பெயராக வைத்தார். ஓய்விலுள்ள பொருள் ஓய்விலும், சீராக நேர்கோட்டில் செல்லும் பொருள் அதே இயக்கத்திலும் தொடர்வதே அவர் சொன்ன இனெர்ஷியா. பெயர் ஒன்றாக இருந்ததால் குழப்பம் நேரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தம்மிடமிருந்த நூற்பிரதியில் எழுதிய ஒரு குறிப்பில், பொருள்களை ஓய்வுக்குக் கொண்டுசெல்லும் கெப்ளரின் இனெர்ஷியாவைத் தாம் கருதவில்லை என்று பிரித்துக் காட்டினார்.

1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முன்னோக்கித் தள்ளும் எஞ்சின் எதுவும் இப்போது அதில் இயங்கவில்லை. சூரியனின் ஈர்ப்பு சிறிதளவு பின்னிழுத்தாலும் அது நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது. கெப்ளரின் சோம்பல் அதை நிறுத்தியிருக்க வேண்டும். நியூட்டனின் இனெர்ஷியாவால் அது செல்கிறது.

பிற மொழிகளில்

செருமானியர் இலத்தீன் சொல்லை எடுக்காமல் தம் மொழியில் சோம்பலைக் குறிக்கும் 'ட்ரேக்ஹைட்' என்ற சொல்லையே இக்கருத்துக்கும் வைத்துக்கொண்டனர். நிறைக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை நிறுவிய ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் அச்சொல் உள்ளது. ஒரு பொருளின் சோம்பல் அதன் ஆற்றலைப் பொறுத்ததா என்று அத்தலைப்பைப் படிக்க மொழி இடம் தருகிறது.

வேதியியலில் இச்சொல் உண்மையான தடுமாற்றத்தைத் தந்தது. 1894இல் கண்டறியப்பட்ட ஆர்கானுக்கு வேலையற்றது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் பெயராயிற்று. அதன் குடும்பம் முழுவதும் 'இனெர்ட்' வாயுக்கள் எனப்பட்டது. தமிழில் 'மந்த வாயுக்கள்' எனப்பட்டது. இவை எதனோடும் சேரா என்பது பாடமாகவே நிலைத்தது. 1962இல் நீல் பார்ட்லெட் செனானின் சேர்மம் ஒன்றை உருவாக்கியபோது அப்பாடம் திருத்தப்பட்டது.

தமிழில்

தமிழில் உள்ள இரு கலைச்சொற்களும் இந்த வரலாற்றின் இரு கட்டங்களை நினைவூட்டுகின்றன. 'சடத்துவம்' என்பது 'சடம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. உயிரற்றது, மந்தமானது என்பன சடத்தின் பொருள்கள். ஆகவே இது இலத்தீன் சொல்லின் பழைய பொருளுக்கு அணுக்கமானது. 'நிலைமம்' என்பது 'நிலை' என்ற சொல்லிலிருந்து வந்தது. நியூட்டனின் வரையறையும் பொருளின் நிலையைப் பற்றியதே. ஓய்வு ஒரு நிலை; சீரான இயக்கமும் ஒரு நிலை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிலைமத்தை ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம் என மூன்றாகப் பிரிக்கின்றன. நின்ற பேருந்து புறப்படும்போது பயணி பின்னால் சாய்வது முதல்வகை. ஓடும் பேருந்து திடீரென நிற்கும்போது முன்னால் சாய்வது இரண்டாம் வகை. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் சாய்வது மூன்றாம் வகை. சோம்பல் என்ற பழைய பொருளைக் கொண்டு பார்த்தால் முதல்வகை மட்டுமே எளிதில் விளங்கும். மற்ற இரண்டும் விளங்க, இருக்கும் நிலையை விடாமை என்ற புதிய பொருள் வேண்டும்.