எஸ்.ஏ.டி.யா, ஏ.சி.டி.யா? - இரண்டு தேர்வுகள் வந்த கதை

அமெரிக்காவில் பள்ளி முடிக்கப் போகும் மாணவர்கள் பலருக்கு வரும் குழப்பம் இது: எஸ்.ஏ.டி. எழுதுவதா, ஏ.சி.டி. எழுதுவதா? அதே கல்லூரி, அதே சீட்டு, அப்புறம் எதற்கு இரண்டு தேர்வு? பதில் தெரிய நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

1900-ல் கிழக்குக் கரைக் கல்லூரிகள் சில சேர்ந்து 'காலேஜ் போர்டு' என்ற அமைப்பைத் தொடங்கின. 1901 ஜூனில் அதன் முதல் தேர்வை எழுதியவர்கள் 973 பேர். எல்லாமே பக்கம் பக்கமாக எழுதும் விடைகள். லத்தீன், கிரேக்கம் எல்லாம் உண்டு. அதைச் சொல்லித்தரும் வசதியான பள்ளியில் படித்தவனுக்குத்தான் அது தோதுப்பட்டது. (கிராமத்துப் பள்ளியில் கிரேக்கத்துக்கு எங்கே போவது?)

பிறகு முதல் உலகப் போர். படைக்கு வந்த லட்சக்கணக்கானவர்களைத் தரம் பிரிக்க 'ஆர்மி ஆல்ஃபா' என்ற புத்திக்கூர்மைச் சோதனையை நடத்தினார்கள். அந்த வேலையில் இருந்தவர்களில் ஒருவர் கார்ல் பிரிகாம் என்ற உளவியலாளர். அதே பாணியில் அவர் உருவாக்கியதுதான் எஸ்.ஏ.டி. 1926 ஜூன் 23 அன்று 8,040 பேர் எழுதினார்கள். 97 நிமிடத்தில் 315 கேள்விகள்! மூச்சு விடவே நேரம் இருந்திருக்காது. நடுவில் உள்ள 'ஏ' அப்போது 'ஆப்டிட்யூட்', அதாவது பிறவித் திறமை மாதிரி ஒன்று. பள்ளியில் என்ன படித்தாய் என்பது முக்கியமில்லை, மூளை எப்படி என்பதே கேள்வி.

இந்த பிரிகாம் 1923-ல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ராணுவச் சோதனை மதிப்பெண்களை வைத்து, வட ஐரோப்பிய இனம்தான் அறிவில் உசத்தி என்று அதில் வாதாடினார். 1930-ல் அவரே அந்த முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். ஆனால் தேர்வு நின்றுவிடவில்லை. 1933-ல் ஹார்வர்டின் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்லாமல் தூர ஊர்களின் கெட்டிக்காரப் பையன்களையும் உதவித்தொகை கொடுத்துச் சேர்க்க நினைத்தார். அதற்கு எடுத்த கருவி இதே எஸ்.ஏ.டி. ஒரு மோசமான நம்பிக்கையின் பக்கத்தில் பிறந்த தேர்வு, ஏழைப் பையனுக்குக் கதவு திறக்கவும் பயன்பட்டது. இதில் எதை மறப்பது?

நாட்டின் நடுவில், சோளக்காட்டு அயோவாவில், ஈ. எஃப். லிண்ட்குவிஸ்ட் என்ற பேராசிரியர் வேறு மாதிரி யோசித்தார். பிறவித் திறமையைத் தேடாதே, பள்ளியில் கற்றதை வைத்து என்ன செய்ய முடிகிறது என்று பார், இதுதான் அவர் கட்சி. விடைத்தாள் திருத்தும் இயந்திரத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1959 நவம்பர் 7 அன்று ஏ.சி.டி. தொடங்கியபோது 75,000-க்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ஆங்கிலம், கணிதம், சமூகவியல், இயற்கை அறிவியல் என்று நாலு பகுதி.

அதன் பிறகு ரொம்ப காலம் மாணவன் தேர்ந்தெடுக்கவே இல்லை, அவன் ஊர் தேர்ந்தெடுத்தது. கடற்கரை மாநிலம் என்றால் பெரும்பாலும் எஸ்.ஏ.டி., நடு மாநிலம் என்றால் ஏ.சி.டி. விதிகளும் வேறு. எஸ்.ஏ.டி.யில் ஐந்து விடைக் கேள்விக்குத் தப்பாகக் குத்துமதிப்பாகப் போட்டால் கால் மார்க் போகும். ஏ.சி.டி.யில் அந்தப் பயமே இல்லை.

2001-ல் ஒரு குண்டு விழுந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன், 12 வயதுப் பிள்ளைகள் சொல் ஒப்புமைக் கேள்விகளுக்குப் பயிற்சி எடுப்பதைப் பார்த்துவிட்டு, இந்தத் தேர்வே வேண்டாம் என்றார். பெரிய வாடிக்கையாளர் கோபித்தால் கடைக்காரர் சும்மா இருப்பாரா? 2005-ல் ஒப்புமைக் கேள்விகள் போயின, கட்டுரை வந்தது, மொத்த மார்க் 1600-லிருந்து 2400 ஆனது. 2012-ல் ஏ.சி.டி. முதல்முறையாக எஸ்.ஏ.டி.யை முந்தியது, வித்தியாசம் சுமார் 1,500 பேர்தான். 2016-ல் எஸ்.ஏ.டி. மறுபடி 1600-க்குத் திரும்பியது, தப்புக்கு மார்க் குறைப்பதையும் விட்டது. லிண்ட்குவிஸ்ட் கட்சி பாதி ஜெயித்த மாதிரிதான். ஏ.சி.டி.யும் 2025-ல் அறிவியல் பகுதியை விருப்பப் பகுதியாக்கியது.

கொரோனா வந்த 2020-ல் பல கல்லூரிகள் இரண்டையுமே கட்டாயமில்லை என்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கையில் மதிப்பெண் பார்ப்பதையே அடியோடு நிறுத்திவிட்டது. எம்.ஐ.டி.யோ 2022-ல் மறுபடி கட்டாயமாக்கியது. வசதியில்லாத பள்ளியில் படித்த திறமைசாலியைக் கண்டுபிடிக்க இந்த மதிப்பெண் உதவுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.