கொலைக் கருத்து: மெய்ப்பித்தலின் வரலாறு

கொலைக் கருத்து என்பது ஓர் உயிரைப் போக்கியவர் அந்த நேரத்தில் கொண்டிருந்த நோக்கம். சாவைக் காட்டப் பிரேதப் பரிசோதனைச் சான்று போதும். நோக்கத்தைக் கண்ணால் கண்ட சாட்சி கிடையாது. அம்பாசமுத்திரத்தில் அரிவாள் வெட்டில் ஆள் இறந்தால், குற்றப்பத்திரிகை உள்ளூர் நடுவர் நீதிமன்றத்தில் தாக்கலாகி, விசாரணை செசன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். மேல்முறையீடு 2004 ஜூலை முதல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில். வெட்டியது யார் என்பதில் தகராறே இல்லாத வழக்கிலும், ‘302-ஆ, 304-ஆ’ (கொலையா, கொலையாகாத மரணக் குற்றமா) என்ற வாதம் மதுரை வரை நீளும்.

இந்தக் கேள்வி பழையது. வேட்டையில் எய்த அம்பு தவறி ஆள் மேல் பட்ட வழக்குகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. பகையால் நடந்ததல்ல என்று கண்ட ஊரார், உயிருக்கு உயிர் கேட்காமல், ஆடு மாடு கொடுத்துக் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க வைத்தார்கள். மனுநீதிச் சோழன் கதையிலோ, கன்று தேர்க்காலில் சிக்கியது தற்செயல் என்பது எடுபடவில்லை. நடைமுறைக்கு நெருக்கம் கல்வெட்டுதான்.

1862-இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் 299, 300 பிரிவுகளில் நோக்கத்தையும், விளைவு பற்றிய அறிவையும் படிப்படியாகப் பிரித்தது. சட்டத்தின் பலவீனமான பகுதி இதுவே என்றார் சட்ட அறிஞர் ஜேம்ஸ் ஸ்டீபன். அது மிகையல்ல.

அந்தச் சிக்கலின் உச்சம், கோயம்புத்தூர் செசன்ஸிலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பழனிக் கவுண்டன் வழக்கு (1919). கணவன் கொழுவால் மனைவியின் தலையில் அடித்தான், அவள் நினைவிழந்தாள். செத்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலைபோலத் தோன்றட்டும் என்று கயிற்றில் தொங்கவிட்டான். உயிரைப் பறித்தது கயிறு. அடித்தபோது கொல்லும் கருத்து இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. தொங்கவிட்டபோது அவன் கண்ணில் அது பிணம். கொலையும் இல்லை, கொலையாகாத மரணக் குற்றமும் இல்லை என்றது முழு அமர்வு. மிஞ்சியது கொடுங்காயக் குற்றம். தவமணி வழக்கில் (1943) அதே நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது: கொல்லும் நோக்கத்தோடு தாக்கி, இறந்ததாக நினைத்துக் கிணற்றில் போட்டால், இரண்டும் ஒரே செயல், கொலைதான். முதல் அடியிலேயே நோக்கம் இருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

1958-இல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் தந்தது: அந்தக் காயத்தை உண்டாக்கும் நோக்கம் இருந்தால் போதும், அது இயல்பில் சாவுக்குப் போதுமானதா என்பதைச் சான்று சொல்லும். அதனால்தான் மருத்துவரைக் கூண்டில் நிறுத்தி, வெட்டு கழுத்திலா முழங்காலிலா, எலும்பு வரை இறங்கியதா என்று இருதரப்பும் துருவுகிறார்கள். ஆயுதம் கைக்கு வந்த விதமும் நோக்கத்தைக் காட்டும்: வாழைத்தோட்டத்தில் வேலையாக இருந்தவர் கையிலிருந்த அரிவாளும், வீட்டுக்குப் போய் எடுத்துவந்த அரிவாளும் ஒன்றல்ல.

1989-இல், பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாயின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காள் கதையை நினைவுகூர்ந்தது. கொலையைக் கொலையாகாத மரணக் குற்றமாகக் குறைக்கும் விதிவிலக்கில், நெடுநாள் வதையையும் ஆத்திரமூட்டலாகக் கொள்ளலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 300 என்பது 101, 302 என்பது 103. அந்த விதிவிலக்கில் இன்றும் இருப்பது ‘திடீர்’ ஆத்திரமூட்டல் மட்டுமே; நெடுநாள் வதைக்கு இடம் தீர்ப்புகளில்தான்.