தொலைபேசியில் பிறந்த ஒரு கட்டுரை

2003 அக்டோபரில் ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் செக்சுவல் பிஹேவியர்’ என்ற ஆய்விதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தபோது, கூடவே 26 கருத்துரைகளும் அச்சாகின. பிறக்கும்போதே அத்தனை விவாதத்தோடு பிறந்த ஆய்வுக்கட்டுரைகள் குறைவு.

எழுதியவர் கொலம்பியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர். தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதே சங்கத்தின் 1999 மாநாட்டு வாசலில், ‘நாங்கள் தன்பாலீர்ப்பிலிருந்து மாறிவிட்டோம்’ என்று சொல்லிக்கொண்டு சிலர் போராட்டம் நடத்தினார்கள். ஸ்பிட்சர் நின்று பேசினார். ஒருவராவது மாறியிருக்க முடியாதா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஒப்புக்கொண்டதைச் சீண்டிப் பார்ப்பதில் அவருக்கு இயல்பாகவே ருசி.

மாறிவிட்டதாகச் சொன்ன 143 ஆண்கள், 57 பெண்கள். ஒவ்வொருவரிடமும் சுமார் முக்கால் மணி நேரம் தொலைபேசியில் பேசினார். அவ்வளவுதான் ஆய்வு. நேரில் பார்க்கவில்லை, உடலியல் சோதனை இல்லை, ஒப்பிட வேறொரு குழுவும் இல்லை. ஆட்களில் பெரும்பாலோரை அனுப்பி வைத்தவர்கள், மாற்றிக் காட்டுகிறோம் என்று சொல்லும் மத அமைப்புகளும் சிகிச்சையாளர்களும். தைலம் விற்பவரிடமே வாடிக்கையாளர் பட்டியலை வாங்கி, முடி வளர்ந்ததா என்று விசாரித்ததுபோலத்தான்.

அப்படிக் கேட்டும், ஈர்ப்பு முழுமையாக மாறிவிட்டது என்று சொன்ன ஆண்கள் 11 சதவீதம்தான். இத்தகைய மாற்றம் அரிதாக இருக்கலாம் என்று ஸ்பிட்சரே எழுதியிருந்தார். கட்டுரை ஊர் ஊராகப் போனபோது அந்த வரி அதனுடன் போகவில்லை. ‘மாற முடியும் என்று பட்டியலிலிருந்து நீக்கியவரே சொல்லிவிட்டார்’ என்ற பேச்சு மட்டும் போனது. மகனையோ மகளையோ மாற்றத் துடித்த பெற்றோருக்கு அது போதுமானதாக இருந்தது.

2012-இல், பார்க்கின்சன் நோயோடு 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஸ்பிட்சரைத் தேடிப்போய்ச் சந்தித்தார் கேப்ரியல் அரானா என்ற பத்திரிகையாளர். பதின்பருவத்தில் அந்தச் ‘சிகிச்சை’க்கு உட்படுத்தப்பட்டவர் அவர். பிறகு ஸ்பிட்சர் இதழாசிரியருக்குக் கடிதம் எழுதினார்: மாறிவிட்டேன் என்று சொல்பவர் உண்மை சொல்கிறாரா, தன்னையே ஏமாற்றிக்கொள்கிறாரா என்று கண்டறிய என்னிடம் வழியில்லை, தன்பாலீர்ப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கடிதம் அதே இதழில் வந்தது. கட்டுரையை மட்டும் இதழ் ரத்து செய்யவில்லை. தரவு பொய்யல்ல, அதைப் புரிந்துகொண்டதில்தான் பிழை என்பது ஆசிரியரின் வாதம். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. ஓட்டை எங்கே என்று 2003-இலேயே அந்தக் கருத்துரைகளில் பலர் அச்சில் காட்டியிருந்தார்கள். பார்க்க விரும்பாதவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டவில்லை.

அதே 2012-இல், மாற்றிக் காட்டுகிறோம் என்று சொன்ன அமைப்புகளில் மிகப் பெரியதான எக்ஸோடஸ் இன்டர்நேஷனலின் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மறு ஆண்டே அமைப்பை இழுத்து மூடினார்கள்.